பசி தூங்கும்போதே பழகிக்கொள், மகள்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகளுக்கு,

நேற்று நீ வீடியோவில் வந்து, "ஏழு மாதத்தில் 31 கிலோ போயிட்டுது அம்மா, பசியே இல்லை, சாப்பாட்டைக் கண்டால் திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை, இனி எனக்கு இந்த அட்டவணை, தண்ணீர்க் கணக்கு எல்லாம் எதற்கு?" என்று கேட்டாய். உன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் பின்னால் நின்று கூத்தாடிக்கொண்டிருந்தான், மருமகன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் சொல்கிற கதையும் இல்லை இது. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. வாயால் சொன்னால் "ஓம் ஓம்" என்று விட்டுவிடுவாய், அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் போடுகிறேன், வேண்டும்போது எடுத்து வாசி.

நான் நிறை குறைக்கிற ஒப்பரேஷன் செய்து நாலு வருடம் முடிகிறது. உனக்குச் செய்ததும் எனக்குச் செய்ததும் ஒன்றுதான், ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹோமோன் அதிகம் சுரப்பது வெட்டி எடுக்கிற அந்தப் பகுதியில்தான். ஆகவே இப்போது உனக்குப் பசிக்காமல் இருப்பதை உன் மனக்கட்டுப்பாடு என்று எண்ணிவிடாதே மகள், அது கத்தி செய்து கொடுத்த உதவி. அந்த உதவி இதே அளவில் கடைசிவரை வராது. பெரும்பாலான ஆட்களுக்கு முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிறை தானாக இறங்கும், மறுகா ஓரிடத்தில் நிற்கும், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறப் பார்க்கும். உடம்பு தன் பழைய நிறையை மறக்காமல் வைத்துக்கொண்டு தேடுகிறது. இரைப்பையும் கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது.

எனக்கு அது பதினாறாவது மாதத்தில் வந்தது. பின்னேரம் நாலு மணி இருக்கும். பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு நம்முடைய ஒழுங்கைக்குள் வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பாட்டு என் காதில் மட்டும்தான் விழுந்து போய்க்கொண்டிருந்தது, அன்றைக்கு வயிற்றில் விழுந்தது. வாசலுக்குப் போய் ஒரு மீன் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டேன். சத்தி வரவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை, இன்னொன்று சாப்பிடவும் இடம் இருந்தது. அப்போதுதான் பயந்தேன்.

பயந்தவள் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதமே உன் பெரியம்மா போய்விட்டாள். 31ஆம் நாள் முடியும்வரை நான் அந்த வீட்டில்தான் நின்றேன் என்பது உனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதது அங்கே நான் என்ன சாப்பிட்டேன் என்பது. செத்த வீட்டில் யாருக்கு நேரம் காலம்? ஆட்கள் வர வர தேத்தண்ணி, தேத்தண்ணியோடு பிஸ்கட், இடையில் ஒரு வாழைப்பழம், யாரோ கொண்டு வந்த முறுக்கு. ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டிருந்தால் இரைப்பை "போதும்" என்று நிறுத்தியிருக்கும். பிஸ்கட்டும் முறுக்கும் சீனி போட்ட தேத்தண்ணியும் அப்படி நிற்பதில்லை, கரைந்து வழுக்கி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அழுகையோடு அழுகையாக நாள் முழுக்கக் கொறித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. 104 கிலோவில் இருந்து 68க்கு இறங்கியவள், நாலு மாதத்தில் 74க்கு வந்துவிட்டேன்.

வெட்கத்தில் கிளினிக் போவதை இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். இதை உன்னிடம் மறைத்தேன் மகள், ஒப்பரேஷனுக்குக் காசு அனுப்பியவள் நீ, எந்த முகத்தோடு சொல்வேன் என்று இருந்தது. கடைசியில் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். அங்கே இருந்த உணவு ஆலோசகர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், என்னை ஏசவில்லை. "அம்மா, புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், முதல் ஆறு மாதத்தில் எந்த நேரத்துக்கு என்ன சாப்பிட்டீங்கள், அந்த நேரத்துக்குத் திரும்பிப் போங்கள்" என்றாள். எனக்கு அந்தக் கணத்தில் நெஞ்சு இடித்தது. திரும்பிப் போக எனக்கு நேரமே இருக்கவில்லை. பசியில்லாத அந்த நல்ல காலத்தில் நான் நினைத்தபோது இரண்டு வாய், மறந்தபோது ஒன்றுமில்லை என்று திரிந்திருக்கிறேன். நீ இப்போது செய்வது போலத்தான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதில் 78ஆம் ஆண்டுச் சூறாவளி வந்தது. கூரை போய், தென்னை எல்லாம் சரிந்து, பல நாள் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. 90இல் ஊரை விட்டு ஓடினபோது திரும்பவும் அதே கதை. 2004இல் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனபோது உனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூட முகாமில் நீ சாப்பாட்டுப் பார்சலுக்கு வரிசையில் நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் உனக்குச் செய்ததெல்லாம் என்ன? தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் ஏசினேன். வயிறு நிறைந்துவிட்டது என்று நீ சொன்னாலும் இன்னொரு அகப்பை போட்டேன். நாளைக்கு இருக்குமோ இல்லையோ, இன்றைக்குச் சாப்பிடு என்பதுதான் எனக்குத் தெரிந்த அன்பு. அந்தப் பழக்கத்தை உனக்குள் வைத்தவள் நான். இரைப்பையை வெட்டலாம், அந்தப் பழக்கத்தை எந்தச் சத்திரசிகிச்சையாலும் எடுக்க ஏலாது. பசி தூங்குகிற இந்த ஒரு வருடத்துக்குள் அது இருந்த இடத்தில் வேறு பழக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். இதைத்தான் நேற்று சொல்ல நினைத்தேன்.

பின்னேரம் விளக்கு வைக்கிறேனே, ஒருநாளும் "இன்றைக்கு வைக்க மனம் வருகிறதா" என்று கேட்டுப் பார்த்ததில்லை. இருட்டுகிறது, கை போகிறது. சாப்பாட்டிலும் அப்படி ஆக்கிக்கொள்ளத்தான் எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

இப்போது என் கை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை ஏழரை, மத்தியானம் பன்னிரண்டரை, இரவு ஏழு, பின்னேரம் நாலுக்கு ஒரு சின்ன நேரம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அதுதான் நேரம். நாலு மணியை வேண்டுமென்றே வைத்தேன், பாண் ஓட்டோ வருகிறபோது என் கையில் ஒரு அவித்த முட்டையோ அரைக் கோப்பை அவித்த பயறோ இருக்கும். தட்டு தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற சின்னத் தட்டு. முதலில் மீன். பாரையோ விளைமீனோ, எதுவானாலும் மீன் முடிந்த பிறகுதான் கீரை, அது முடிந்த பிறகுதான் பிட்டோ சோறோ, அதற்குள் வயிறு நிறைந்துவிட்டால் பிட்டு தட்டிலேயே கிடக்கட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் போக வேண்டும் என்று உனக்கும் சொல்லியிருப்பார்கள். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது, முட்டையில் 6. நீ பசியில்லை என்று நேரத்தைத் தவறவிட்டால் உடம்பு தசையையும் கரைத்துத்தான் நிறை இறங்கினதாகக் காட்டும். உன் தலைமுடி கொட்டுகிறது என்றாயே, நிறை வேகமாக இறங்கும்போது பலருக்கும் கொஞ்சம் கொட்டும், எனக்கும் கொட்டித் திரும்ப வளர்ந்தது, ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் அது நீளும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, சொதியை அள்ளி ஊற்றிக் குழைப்பதும் இல்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். இது எனக்குப் பெரிய பாடாக இருந்தது, தண்ணீர் விட்டு விழுங்கியே பழகியவள் அல்லவா. போத்தலில் மூன்று கோடு போட்டிருக்கிறேன், மத்தியானத்துக்குள் முதல் கோடு, பின்னேரத்துக்குள் இரண்டாவது, படுக்க முன் மூன்றாவது. இதற்குக் கணக்கு எழுதத் தேவையில்லை, கண் பார்க்கும்.

குளிசை விஷயத்தில் மட்டும் நான் உன்னோடு சண்டை பிடிப்பேன். நான் ஒரு வருடம் பி12 விற்றமின் குளிசையை விட்டேன், உள்ளங்கால் விறைக்கத் தொடங்கியது. இரத்தம் பார்த்தபோது அடிமட்டத்தில் இருந்தது. இரைப்பை சின்னதான பிறகு சாப்பாட்டில் இருக்கிற பி12ஐ உடம்பு முன்பு மாதிரி எடுக்காது, ஆகவே இது நிறை இறங்கும்வரைக்குமான மருந்தில்லை, உயிர் உள்ளவரைக்குமானது. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, தேத்தண்ணி இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. கல்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடாதே, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும். நான் குளிசைப் பெட்டியைப் பல் தீட்டுகிற பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அலமாரிக்குள் வைத்த காலத்தில்தான் மறந்தேன்.

நிறை வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். நாள்தோறும் ஏறி இறங்கிப் பார்த்தால் தண்ணீர் கூடினதற்கும் அழுவாய். இரண்டு கிலோ ஏறி இரண்டு கிழமை அப்படியே நின்றால் ஒளிக்காமல் உன் கிளினிக்குக்குச் சொல், எனக்கும் சொல். நான் ஆறு கிலோ வரைக்கும் ஒளித்தேன், 70க்குத் திரும்பி வர ஒரு வருடம் எடுத்தது. இப்போதும் 70தான், 68ஐ நான் தேடவில்லை, இன்சுலின் ஊசி நின்றிருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை, எனக்கு இது போதும்.

அங்கே சனி ஞாயிறு என்றால் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள், ஒரு சாமத்தியவீடு இருக்கும், தெரியும். "என்ன இப்படி மெலிஞ்சு போனாய், வருத்தமா?" என்று கேட்டு மாமிமார் தட்டை நிறைப்பார்கள். அவர்களோடு வாதாடாதே, அவர்களும் என்னைப் போல பசி கண்ட ஆட்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கதை, வெறும் தட்டைக் கண்டால்தான் அவர்களுக்குப் பொறுக்காது. ரோல்ஸ், பற்றிஸ் இருக்கிற மேசைப் பக்கம் நிற்காமல் இறைச்சிக்கறி இருக்கிற பக்கம் போய் நில். வீட்டில் ஏழு மணிக்குச் சாப்பிடுகிற உன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

இரண்டாவது பிள்ளை பற்றி மருமகன் கேட்டதாகச் சொன்னாய். ஒப்பரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரையாவது பொறுக்கச் சொல்வார்கள். பொறு, நான் அவரோடு கதைக்கிறேன்.

அப்புறம் நடை. நான் விடிய ஐந்தரைக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் நடக்கிறேன், 1924இல் கட்டின பாலம், இப்போது பெரிய வாகனத் தொல்லை இல்லை. ஓரத்தில் தூண்டில் போடுகிற ஆட்கள், கீழே தோணி, வாவிக் காற்று. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பி, இன்னொரு தடவை, பிறகு கடற்கரை வரைக்கும். அரை மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள். மழை நாளில் வீட்டு விறாந்தையில். தனியாக நடந்தால் நீ விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். எனக்கு விடிய ஐந்தரை என்றால் உனக்கு முதல்நாள் இரவு எட்டு மணி. நான் பாலத்தில் ஏறும்போது உனக்கு அடிப்பேன், நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு உன் தெருவில் நட. பனி கொட்டத் தொடங்கினால் மோலுக்குள் நடக்கலாம், அப்போது அங்கே குளிர்காலத்துக்கு மணிக்கூட்டையும் ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள், எனக்கு ஐந்தரை உனக்கு ஏழு மணியாகிவிடும், நீ சாப்பிடுகிற நேரத்தை அரை மணி முன்னுக்கு எடு.

நாளை விடியத் தொடங்குகிறேன். உனக்கு அது இன்றைக்கு இரவு. பேரனை மருமகனிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நில்.

அம்மா