பழைய கணினியில் இணைத்த வன்தட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் சிறு வாசிகசாலையின் பழைய கணினியில், விண்டோஸ் 2000 தரும் வசதியைக் கொண்டு மூன்று வன்தட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைத்து, பல ஆண்டுகளாக வருடியெடுத்த தமிழ்ச் சஞ்சிகைகளைச் சேமித்திருந்தோம். கடந்த மாதம் ஒரு தட்டு பழுதடைந்தது. மற்ற இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் சேமிப்பகம் முழுவதும் திறக்க முடியாமற் போயிற்று.

இவ்வாறு 2 முதல் 32 தட்டுகள் வரை இணைக்கலாம். ஆனால் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஒரே கோப்பு முறைமை அனைத்தின் மேலும் பரந்திருப்பதால், தட்டுகள் கூடக் கூட, அவற்றுள் ஒன்று பழுதாகி யாவற்றையும் இழக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு தட்டில் எழுதுவதை மற்றொரு தட்டிலும் அப்படியே எழுதிவைக்கும் றெயிட் 1 முறை, இடத்தைப் பாதியாக்கினாலும் (அந்த இழப்பு பெரிதல்ல என்பதை இப்போது உணர்கிறேன்), ஒரு தட்டின் பழுதைத் தாங்கும். தவறுதலாக அழித்த கோப்பை அதுவும் மீட்டுத் தராது. இத்தகைய கணினிகளை வைத்திருக்கும் பாடசாலைகளும் சங்கங்களும் தனியான வன்தட்டொன்றில் உடனே பிரதி எடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06.