தேயிலை வரி மட்டும்தானா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டையொட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மனிதர் அனைவரும் சமம் என்று தொடங்கும் முகப்பு வரிகளை விரிவாகப் பாராட்டியிருக்கும் கட்டுரையாளர், பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது அந்த ஆவணம் அடுக்கும் 27 குற்றச்சாட்டுகளையும் ஒரே வரியில் கடந்து, தேயிலை வரி கட்ட மனமில்லாத வணிகர்களின் கலகம் என்று முடித்துவிட்டார். இதை என்னால் ஏற்க இயலவில்லை. முகப்பில் சொல்லப்படும் உரிமைகள் எப்படியெல்லாம் பறிக்கப்பட்டன என்பதற்கான சாட்சியம் முழுவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் பிரிந்து செல்வதற்கான நியாயமே அந்த ஆவணத்தில் இல்லாமல் போய்விடும்.

முதலில் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையை ஏற்றவில்லை, குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த சரக்கை நேரடியாக அமெரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பி விற்க அது வழிவிட்டது. பவுண்டுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் தொடர்ந்தது. மலிவாகக் கிடைத்திருக்க வேண்டிய அந்தத் தேயிலையைத்தான் பாஸ்டன் மக்கள் அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று இரவு 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினார்கள். தன் ஆட்சியிலிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களை 'எந்த விஷயத்திலும்' கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1766இலேயே சட்டமாக எழுதி வைத்திருந்தது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத அந்த மன்றம் விதித்த வரியை ஒரு முறை மனமொப்பிக் கட்டிவிட்டால், அந்த அதிகாரத்தையே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் கருதினார்கள்.

அந்த வரிப்பணம் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு அதுவரை ஊதியம் வழங்கி வந்தது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை. அந்த ஊதியத்தை இனி அரசரே சுங்க வருவாயிலிருந்து தருவார் என்ற செய்தி 1772இல் வந்தது. மக்களிடம் வசூலித்த பணத்தைக் கொண்டே நீதிபதிகளை மக்களுக்குக் கட்டுப்படாதவர்களாக ஆக்கும் ஏற்பாடு இது. சட்டசபையின் எதிர்ப்பைக் கண்டு மற்ற நீதிபதிகள் அரசரின் ஊதியத்தைத் துறந்தபோதும், தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் துறக்க மறுத்தார். 1774 பிப்ரவரியில் சட்டசபை அவர் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. ஆளுநர் அதை நடத்தவிடவில்லை. ஆனால் ஆலிவர் தலைமையில் ஜூரிகளாக அமர மாட்டோம் என்று சாதாரணக் குடிமக்கள் மறுத்துவிட்டார்கள். நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் அரசர் தம் விருப்பத்தை மட்டுமே சார்ந்திருக்கச் செய்தார் என்ற குற்றச்சாட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இதை வணிகர் கலகம் என்று சுருக்குவது எவ்வகையில் நியாயம்?

சட்டசபைகளின் கதையும் இதேதான். புதிய வரிகளுக்கு எதிராகப் பிற மாகாணங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுமாறு லண்டன் இட்ட கட்டளையை, 1768இல் மாசசூசெட்ஸ் சட்டசபை 92க்கு 17 என்ற வாக்குகளில் நிராகரித்தது; உடனே கலைக்கப்பட்டது. தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகம் மூடப்படும் நாளை நோன்பு நாளாக அறிவித்த ஒரே காரணத்துக்காக 1774 மே மாதம் வர்ஜீனியா சட்டசபையை ஆளுநர் டன்மோர் கலைத்தார். உறுப்பினர்கள் மறுநாளே வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு மதுவிடுதியின் கூடத்தில் கூடி, எல்லா மாகாணங்களும் சேர்ந்து கலந்து பேச அழைப்பு விடுத்தார்கள்.

இவற்றுள் பல நாடாளுமன்றத்தின் செயல்களாயிற்றே, மன்னரைக் கொடுங்கோலர் என்பது தகுமா என்று கட்டுரையாளர் கேட்கிறார். கேள்வி சரியானதுதான். நாடாளுமன்றத்தின் பெயர் பிரகடனத்தின் குற்றச்சாட்டுகளில் ஓரிடத்திலும் இல்லை. தங்களை பிரிட்டனோடு பிணைப்பது அரசரின் மகுடம் ஒன்றே, நாடாளுமன்றத்துக்குத் தங்கள் மீது அதிகாரம் எதுவுமில்லை என்பதே குடியேற்ற மக்களின் வாதமாக இருந்ததால், அறுக்க வேண்டியிருந்த கட்டும் அந்த ஒன்றுதான். அதற்கு முன்பு அவர்கள் அரசரிடம்தான் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. 1775 ஜூலையில் சமாதானம் வேண்டி அனுப்பிய விண்ணப்பத்தை அவர் பெற்றுக்கொள்ளவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என அறிவித்தார். அக்டோபரில் அமெரிக்கக் கரையிலிருந்த ஃபால்மவுத் நகரம் பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிகளுக்கு இரையானது. பின்னர் ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து கூலிப்படையும் அமர்த்தப்பட்டது. இத்தனைக்கும் பிறகு 'உங்கள் குடிகள்' என்று மீண்டும் எழுதியிருக்க வேண்டும் என எவராலும் எதிர்பார்க்க முடியாது.

பட்டியலின் கறையையும் சொல்லியாக வேண்டும். அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடி, பிரகடனத்தின் வரைவை எழுதிய ஜெஃபர்சன் சேர்த்திருந்த பகுதியை, மாகாணங்களின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு நீக்கிவிட்டது. தென் கரோலினா, ஜார்ஜியா பிரதிநிதிகளின் எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். அதை எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை உடையவர். மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்த மண்ணில் இது சிறு பிழையன்று. கடைசிக் குற்றச்சாட்டு அந்நிலத்தின் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று இழிவுசெய்கிறது. இதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனாலும் அந்த வாதமுறை பிறருக்கும் பயன்பட்டது. 1930 ஜனவரி 26 அன்று இந்தியா முழுவதும் வாசிக்கப்பட்ட பூரண சுயராஜ்ய உறுதிமொழி, மக்களை ஒடுக்கும் ஆட்சியை மாற்றவோ ஒழிக்கவோ அவர்களுக்கு உரிமை உண்டு என்று தொடங்கி, நிலவரி, உப்பு வரி, நூற்புத் தொழிலின் அழிவு, ஆயுதப் பறிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிய பிறகே முழு விடுதலையைக் கோரியது.

ஆகவே, அந்த 27 குற்றச்சாட்டுகளையும், ஒவ்வொன்றுக்கும் பின்னாலுள்ள நிகழ்வு பற்றிய சுருக்கமான விளக்கத்தோடு தமிழில் முழுமையாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீக்கப்பட்ட அடிமை வணிகப் பகுதியையும் அதனுடன் சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி