நூலகத்தில் நிரலாளருக்கு என்ன வேலை?

அன்புள்ள செல்வம்,

கடிதம் வந்தது. நூலகத்துறைக்கு மாறலாமா, நூலக அறிவியல் பட்டம் இல்லாமல் உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தாய்.

பட்டத்தைப் பற்றி முதலில். இன்று உலகமெங்கும் நூல் விவரங்களைப் பரிமாறப் பயன்படும் மார்க் வடிவத்தை 1960-களில் உருவாக்கிய ஹென்ரியட் அவ்ரம், நூலகர் அல்லர், நிரலாளர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருந்தபடி, அட்டைப் பட்டியலில் இருந்ததைக் கணினி படிக்கும்படி செய்தார். ஆனாலும் பதவியின் பெயரில் 'நூலகர்' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், டெவலப்பர் என்றிருந்தால் பல இடங்களில் கேட்பதில்லை. விளம்பரத்தில் 'கட்டாயம்' என்றிருக்கிறதா, 'இருந்தால் நல்லது' என்றிருக்கிறதா, அதைப் பார். சம்பளம் மென்பொருள் நிறுவனங்களில் தருவதைவிடப் பொதுவாகக் குறைவுதான். அதற்கு மனதைத் தயார்செய்துகொள்.

வேலை என்று பார்த்தால் நூலக மேலாண்மை மென்பொருளைப் பராமரிப்பது, மின்னிதழ்களுக்கான அணுகல், எண்ணிமக் களஞ்சியம், தானியங்கி இரவல் கருவிகள், இணையதளம் என்று பல. எதில் சேர்ந்தாலும் பாதி நேரம் தரவைச் சுத்தம் செய்வதில்தான் போகும். அதனால் பைத்தான் தெரியும் என்பதோடு நிற்காமல் ஒரு மார்க் பதிவைக் கையால் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்.

பதிவின் முதல் 24 எழுத்துகள் தலைப்பகுதி. பிறகு அடைவு, அதாவது எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்: ஒவ்வொரு புலத்துக்கும் (தகவல் கூறுக்கும்) 12 இலக்கம். அதில் 3 புல எண், 4 நீளம், 5 தொடங்கும் இடம். 020 ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண், 100 ஆசிரியர், 245 தலைப்பு. இவற்றைப் பார்த்தவுடன் சொல்லும் அளவுக்குப் பழகினால் போதும், மற்றதைத் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம்.

புதிதாக வருகிற நிரலாளர்கள் தடுக்கி விழுவது நீளக் கணக்கில். அடைவில் இருப்பது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. 'தமிழ்' நம் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறிகள், யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். எழுத்தை எண்ணி நீளம் எழுதிய நிரல், அடுத்த புலத்தின் தொடக்கத்தைத் தவறாகக் காட்டும். பிறகு பதிவு முழுவதும் சரிந்துவிடும். தலைப்பகுதியில், சுழியத்திலிருந்து எண்ணினால், 9-ஆம் இடத்தையும் பார். அங்கே 'ஏ' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து இருந்தால் யூனிகோடு. வெற்றிடமாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய எழுத்துக்குறி முறை. உள்ளே யூடிஎஃப்-8 இருக்க, இந்த இடம் வெற்றிடமாக இருந்தால், ஏற்றும் மென்பொருள் இன்னொரு முறை மாற்றப் பார்த்து எழுத்தைச் சிதைக்கும்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. 'கொ' என்பதை இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. பதிவை ஏற்றும்போதும் தேடுசொல்லை வாங்கும்போதும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் யூனிகோடு சீர்வடிவுக்கு, மாற்றிவிடு.

பழகிப் பார்க்கக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் போதும். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கியது, திறமூலம். டெபியன் லினக்ஸ் போட்ட மெய்நிகர் கணினியில் நிறுவி, பிற நூலகப் பட்டியல்களில் தேடிப் பதிவெடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாகச் சில நூறு பதிவுகளை இழுத்துக்கொள். மொத்தமாக ஏற்றும்போது நேரே பட்டியலில் சேர்க்காமல் முதலில் தற்காலிகமாக ஏற்றி, ஏற்கெனவே உள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார். ஐஎஸ்பிஎன்னை வைத்து ஒப்பிட்டால் ஒன்றில் 10 இலக்கம், மற்றதில் 13 என்றிருக்கும். நடுவில் கோடுகள், பின்னால் 'கெட்டி அட்டை' என்ற குறிப்பு வேறு. இதைச் சீராக்காமல் ஏற்றினால் ஒரே நூல் இரண்டு பதிவாக நிற்கும். ஏற்றிய பதிவு தேடலில் வரவில்லையா? பதறாதே, பெரும்பாலும் தேடல் அட்டவணை இன்னும் புதுப்பிக்கப்பட்டிருக்காது.

வலையமைப்பு உனக்குக் கைவந்த கலை என்பதால் ஒன்று சொல்கிறேன். இரவல் கருவி மென்பொருளோடு பேசும் சிப்2 நெறிமுறையில் தரவை மறைத்து அனுப்பும் மறையாக்கமே கிடையாது. வாசகரின் அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் அப்படியே போகும். அதனால் டிஎல்எஸ் என்ற மறையாக்கச் சுரங்கத்துக்குள் செலுத்தியாக வேண்டும். யார் எந்த நூலை எடுத்தார் என்ற வரலாற்றையும் பாதுகாக்க வேண்டும்: நூல் திரும்பிவந்த பிறகு பெயரை அழித்துவிடும் வசதியை இயக்கிவை. இதில் நூலகர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.

மின்னிதழ் அணுகல் அத்தனை சுவாரசியமில்லை. பதிப்பாளர் தளமுகவரியை மாற்றுவார், வாசகரைப் பதிப்பாளர் தளத்துக்குள் கொண்டுசெல்லும் நம் பதிலி வழங்கியின் (பிராக்ஸி) அமைப்பில் பழைய முகவரியே இருக்கும், வாசகருக்குக் கட்டணம் கேட்கும் பக்கம் வரும். பிழையறிக்கையில் பாதி இதுதான்.

நேர்காணலில் நீயும் கேள்வி கேள். வழங்கி உங்களிடமா, விற்பனையாளரிடமா? தரவுத்தளத்தை நேரடியாக வினவ அனுமதி உண்டா? காப்புநகலிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், சேர்ந்த முதல் வாரத்து வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

கோஹா நிறுவும்போது எங்கேயாவது நின்றால், பிழைச்செய்தியை முழுசாக அனுப்பு. பாதி வரியை வெட்டி அனுப்பும் உன் பழைய வழக்கம் வேண்டாம்.

அன்புடன்,
முருகன்