மஞ்சள் சட்டைக்காரர்கள் நாங்கள் அல்ல

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
வாசகர் குறைகள் பிரிவு,
தங்கள் நாளிதழ் அலுவலகம், சென்னை.

நாள்: ஆகஸ்ட் 2025

பொருள்: சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியைப் பற்றிய செய்திகளில் தொடர்ந்து வரும் தவறுகள் – திருத்தம் வெளியிடவும், இல்லையேல் மீதிச் சந்தாவைத் திருப்பித் தரவும் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். பெரம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 1999 முதல் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறேன். கடையைத் திறந்து மெஷின் சூடாகும் வரை படிப்பேன், அதுவும் விளையாட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து. சந்தா எண்ணைக் கடித உறையின் மேல் எழுதியிருக்கிறேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் போவதாகத் தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில், சென்னையின் எஃப்.சி. தன் பணிகளை நிறுத்திவைத்த செய்தியை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். 2014-இல் தொடங்கிய அணி. எனக்கு நினைவு தெரிந்து உங்கள் முதல் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது அன்றைக்குத்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் வராத சொந்தக்காரர், சாவு என்றதும் மாலையோடு முதல் ஆளாக வந்து நிற்பாரே, அப்படி இருந்தது. சரி, வந்ததுதான் வந்தீர்கள், சாவா இல்லையா என்று விசாரித்துவிட்டாவது வந்திருக்கலாம். அணி "கலைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தீர்கள். கிளப் சொன்னது நிறுத்திவைப்பதாக. கலைத்தது நீங்கள்தான்.

அதோடு விட்டீர்களா? "ரசிகர்களிடையே போதிய வரவேற்பு இல்லாததால்" என்று காரணமும் கொடுத்திருந்தீர்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் நம் அணி ஆடும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் 2010-இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் இந்த டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிப்பது முடிவாகாததால், இந்த சீசனையே நிறுத்திவைப்பதாக ஜூலையில் அறிவித்தார்கள். ஆட்டம் நடக்குமா என்று தெரியாமல் ஒரு கிளப் எப்படிச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும்? பெங்களூருவிலும் இதே கதைதான். இதில் நாங்கள் என்ன செய்தோம்? டெல்லியில் கையெழுத்தாகாத தாளுக்குப் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் மேல் பழியைப் போட்டிருக்கிறீர்கள்.

அன்றைக்கே பழைய ஃபைலை எடுத்தேன். உங்கள் பேப்பரிலிருந்து வெட்டி வைத்த கால்பந்துச் செய்திகள் அதில் இருக்கின்றன. பதினோரு வருடத்துக்கு ஃபைல் ரொம்ப மெலிசு, அது வேறு விஷயம்.

முதலில் கையில் வந்தது இந்த ஜனவரியில் வெட்டியது. 30-ஆம் தேதி நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் ஆட்டம். நான் போயிருந்தேன். 3-1 என்று தோற்றோம். மறுநாள் உங்கள் பேப்பரில் அதிசயமாகப் பெரிய வண்ணப் படம். கேலரி நிறையக் கூட்டம், கை தூக்கிக் கத்துகிறார்கள். கீழே "சென்னை அணியை உற்சாகப்படுத்திய ரசிகர்கள்" என்று வரி. படத்தில் இருந்த அத்தனை பேரும் மஞ்சள் சட்டை.

ஐயா, எங்கள் நிறம் நீலம். மஞ்சள் கேரளாவின் நிறம். அவர்கள் ரயிலேறி வந்து நம் ஸ்டேடியத்தில் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொள்வது வருடா வருடம் நடப்பது. சென்னை, மைதானம், மஞ்சள் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் உங்கள் அலுவலகத்தில் யாருக்கோ சேப்பாக்கம் நினைவுக்கு வந்துவிட்டது போலும். அன்று அந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் உற்சாகமாக இருந்ததென்னவோ உண்மை. ஜெயித்தது அவர்கள்தானே. எங்கள் தெரு டீக்கடைச் சேட்டன் அந்தப் படத்தை வெட்டிக் கண்ணாடி அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஏழு மாதமாக டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் குடிக்கிறேன்.

படத்தைக்கூட மன்னித்துவிடுவேன், அதன் கீழே இருந்த நாலு வரிதான் மனதை விட்டுப் போகவில்லை. "சென்னை வீரர்கள் சோர்வாக ஆடினர்" என்று இருந்தது. வில்மர் ஜோர்டானுக்கு முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை. அதன் பிறகு பத்துப் பேரை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆடியிருக்கிறார்கள். கடைசியில் வின்சி பரெட்டோ ஒரு கோலைத் திருப்பியும் கொடுத்தார். சிவப்பு அட்டையைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வார்த்தை கிடையாது. எழுதியவர் ஸ்டேடியத்துக்கு வரவில்லை என்பது போகட்டும், டிவியிலும் பார்க்கவில்லை. ஸ்கோரை மட்டும் பார்த்து, தோற்றவன் சோர்வாகத்தானே இருந்திருப்பான் என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார்.

என் புகாரே இதுதான். எங்களைப் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்கிறேன்.

அதே ஃபைலில் "தோனி அணி படுதோல்வி" என்று ஒரு தலைப்பும் இருக்கிறது. அன்றைக்குக் கடைக்கு வந்த காலேஜ் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஐ.பி.எல். ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டான். தோனி இந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவர், அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளில் கோல்கீப்பராக நின்றவர் என்பது சரி. எங்களுக்கு நின்றதில்லை.

2019 மார்ச்சில் நடந்தது இதைவிடக் கூத்து. கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்.சி. என்ற வேறொரு அணி, கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஐ.எஸ்.எல். அல்லாத இன்னொரு தேசியப் போட்டியான ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, இவர்கள் 43. ஒரே ஒரு புள்ளி! தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்திருந்தார். நீங்கள் போட்ட தலைப்பு: "சென்னையின் எஃப்.சி. சாம்பியன்". அந்த வருடம் ஐ.எஸ்.எல். பட்டியலில் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்த எங்களுக்குக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். விவரம் தெரியாத மைத்துனன் போன் செய்து வாழ்த்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு நாள் பேப்பரைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். "திருத்தம்" வரவில்லை. அந்த அணியே இப்போது இல்லை.

பெயரும் குழப்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். "சென்னையின்" என்று எழுதினால் ஆறாம் வேற்றுமை மாதிரி நிற்கிறது. சென்னையின் என்ன என்று வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். அதற்காக ஒரு நாள் "சென்னை எஃப்.சி.", மறுநாள் "சென்னையன்", அதற்கடுத்த நாள் மறுபடி "சென்னையின்" என்று மாற்றி மாற்றிப் போட வேண்டுமா?

பழைய கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கடைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டு மெஷின் போய்விட்டது. ஊர் இருந்த நிலையில், இங்கே நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். 12-ஆம் தேதி அங்கே, முந்தைய வருடச் சாம்பியனான கொல்கத்தாவை நம் அணி 3-0 என்று அடித்தது. சேறு வாரிக் களைத்துப்போய், கரண்ட் வந்திருந்த ஒரு நண்பர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அந்த மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். நீங்கள் அதற்கு இரண்டு வரி கொடுத்தீர்கள். ஊரே தண்ணீரில் கிடக்கும்போது பந்தாட்டத்துக்கு இடம் எங்கே என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் 2018-இல் காவிரிப் போராட்டம் காரணமாக ஐ.பி.எல். ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து அதே புனேவுக்குப் போயின. அப்போது நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதினீர்கள். ரசிகர்களை ஏற்றிக்கொண்டு போன தனி ரயிலுக்கே அரைப் பக்கம். எனக்கும் கிரிக்கெட் பிடிக்கும், அந்த அரைப் பக்கத்தை ரசித்துத்தான் படித்தேன். ஊரை விட்டு ஊர் போய் ஆடுவது கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் சோகமா என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

அந்த 2015-இன் இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவில். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. முடிந்தது என்று எழுந்தே விட்டேன். 90-ஆவது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் விட்டுவிட்டார். அடுத்த இரண்டாவது நிமிடம் நம் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை நமக்கு. அந்த சீசனில் மெண்டோசா 13 கோலுடன் முதலிடம். உங்கள் பேப்பரில் மறுநாள் வந்தது அணியின் இன்னொரு உரிமையாளரான நடிகர் அபிஷேக் பச்சன் கோப்பையோடு நிற்கும் படம். மெண்டோசாவின் பெயரைத் தேடினேன், இல்லை. அந்த ஐந்து நிமிடத்தைத் தமிழில் எழுத உங்களிடம் ஒரு ஆள் இல்லாமல் போனதே என்பதுதான் இன்று வரை எனக்கு ஆற்றாமை.

2018-இல் இரண்டாவது கோப்பை. அதற்கு முன்னால் நேரு ஸ்டேடியத்தில் கோவாவுடன் அரையிறுதி. 3-0 என்று வென்றோம். ஜெஜெ இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். அவர் வளர்ந்த இடத்திலிருந்து அந்தக் கோல் விழுந்த இடத்துக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். இந்த ஊர்ப் பத்திரிகைக்கு இதைவிட என்ன செய்தி வேண்டும்? வியாசர்பாடி என்றால் உங்கள் பேப்பரில் வெட்டு, குத்து, கைது என்றுதான் வரும். நல்லதாக ஒன்று வந்தபோது "கணேஷ் (சென்னை வீரர்)" என்று அடைப்புக்குறிக்குள் முடித்துவிட்டீர்கள்.

ஜனவரிப் படம் வந்த அன்றே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், மேட்ச் ராத்திரி முடியுது, பேஜ் முடிக்கிற டைம் அது, அவசரத்துல இப்படி ஆயிடுது" என்றார். எனக்கும் அச்சு வேலை ஓரளவு தெரியும். ஏழரைக்குத் தொடங்கும் கால்பந்து ஆட்டம் ஒன்பதரைக்குள் முடிகிறது. அதே ஏழரைக்குத் தொடங்கும் ஐ.பி.எல். ஆட்டம் பதினொன்றைத் தாண்டி முடிகிறது. அதன் ஸ்கோர் போர்டு, எக்ஸ்ட்ராஸ் உட்பட, காலை ஆறு மணிக்கு என் கடை வாசலில் கிடக்கிறது. லண்டனில் நம் ஊர் நேரப்படி நடுராத்திரி தாண்டி முடியும் ஆட்டத்துக்குக்கூடப் படம் போடுகிறீர்கள். பெரியமேடு என்ன லண்டனைவிடத் தூரமா?

"கால்பந்துக்கு ரீடர்ஸ் கம்மி சார்" என்றும் சொன்னார். கூட்டம் குறைந்துகொண்டு வந்தது நிஜம். போன சீசனில் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது, எவன் வருவான்? அதைப் பற்றி எழுதுங்கள். தடுப்பாட்டம் ஏன் ஓட்டையாக இருந்தது, பயிற்சியாளர் ஓவன் கோய்ல் என்ன கணக்குப் போட்டார், அனிருத் தாபா மாதிரி ஒருவர் போன பிறகு நடுக்களம் என்ன ஆனது என்று கேளுங்கள். நிர்வாகத்தைத் திட்டுவதானாலும் திட்டுங்கள். எங்களைவிட யாரும் அதிகமாகத் திட்டிவிட முடியாது, பி ஸ்டாண்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆகஸ்ட் செய்தியில் "கலைக்கப்பட்டது" என்பதற்கும் ரசிகர்கள் மேல் போட்ட பழிக்கும் திருத்தம் வெளியிட வேண்டும், அதுவும் விளையாட்டுப் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில். ஜனவரிப் படத்துக்கும் ஒரு வரி போட்டால் சேட்டனிடம் காட்டுவேன். சீசன் மறுபடி தொடங்கினால், சென்னையில் நடக்கும் ஆட்டங்களுக்காவது ஒரு நிருபரை அனுப்புங்கள். கோல் அடித்தவர் பெயர், நிமிடம், அட்டை வாங்கியவர், புள்ளிப் பட்டியல், இவ்வளவு வந்தால் போதும்.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் மார்ச் வரை நான் கட்டியிருக்கும் சந்தாவில் மீதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நுகர்வோர் மன்றம் வரை போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

மேலே சொன்ன செய்திகளின் நகல்களை இணைத்திருக்கிறேன், மொத்தம் ஒன்பது தாள். என் கடை மெஷினில் எடுத்ததுதான், தெளிவாகவே இருக்கும். மஞ்சள் சட்டைப் படத்தை மட்டும் கலர் பிரிண்ட் போட்டிருக்கிறேன். கருப்பு வெள்ளையில் அனுப்பினால் உங்களுக்குத் தவறு எதுவென்று தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
பெரம்பூர் சந்தாதாரர்

இணைப்பு: செய்தி நகல்கள் – 9, சந்தா ரசீது நகல் – 1