டிரான்ஸ்ஃபர் தொகை பற்றிப் பதிவிடும் முன்

நண்பர்களே, நேற்று ஒரு கால்பந்து ஸ்ட்ரைக்கரின் (கோல் அடிக்கும் முன்கள வீரரின்) டிரான்ஸ்ஃபர் தொகை, அதாவது அவரை வாங்கும் கிளப் விற்கும் கிளப்புக்குத் தரும் விலை, பற்றிய விவாதம் முற்றி, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஒருவர் உறுதித் தொகையைச் சொல்ல, இன்னொருவர் போனஸும் சேர்த்த மொத்தத்தைச் சொன்னதுதான் பிரச்சினை.

2022-ல் ஸ்ட்ரைக்கர் டார்வின் நூனியஸை இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு விற்றபோது போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகாவுக்கு உறுதியானது 7.5 கோடி யூரோ. நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே போனஸாக மேலும் 2.5 கோடி. இதை "பத்துக் கோடிக்கு வாங்கினார்கள்" என்று எழுதினால் எப்படி?

தவணையையும் பாருங்கள். 2025-ல் ஸ்ட்ரைக்கர் ஓசிமெனுக்காக இத்தாலியின் நாப்போலியுடன் துருக்கி கிளப்பான கலாத்தசராய் பேசி முடித்த 7.5 கோடி யூரோவில் 4 கோடி உடனே, மீதி 3.5 கோடி தவணையில். விற்கிற கிளப்புக்குக் கையில் ரொக்கம் வந்தால்தான் அடுத்த ஆளைத் தேட முடியும். அதனால் மொத்தம் கொஞ்சம் குறைந்தாலும், முன்பணம் அதிகமுள்ள ஆஃபரை ஏற்பதில் தப்பே இல்லை என்பது என் கருத்து.

வாங்கும் கிளப்பின் கணக்கு வேறு. பணத்தை எப்போது கொடுத்தாலும், விலையை ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்துத்தான் செலவாக எழுதுவார்கள். 2023 கோடையிலிருந்து யூஃபா (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) இதற்கு அதிகபட்சம் 5 ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது.

இனிமேல் தொகை போடும்போது உறுதி எவ்வளவு, போனஸ் எவ்வளவு, தவணை உண்டா, யூரோவா பவுண்டா என்று சேர்த்தே எழுதுங்கள். தனிப்பட்ட வசை இருந்தால் பதிவு உடனே நீக்கப்படும். விலகிய இருவருக்கும் திரும்ப அழைப்பு அனுப்பியிருக்கிறேன். வந்தால் நேற்றைய பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

– அட்மின்