போதகருக்கும் ஒரு போதகர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தேவ கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

மருமகள் போனில் கதைத்தாள். நுவரெலியாப் பக்கம் மழை நேரத்திலும் தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் திரிகிறாயாம். இரவில் நித்திரை இல்லையாம். டொக்டரிடம் போகச் சொன்னால், "ஜெபித்தால் சரியாகும்" என்கிறாயாம். பயந்துபோய்த்தான் சொன்னாள், அவளை ஏசாதே.

நாங்கள் 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வழிச் சபைக்காரர். நீ லுத்தரன் சபைக்கு ஊழியத்துக்குப் போனபோது பெரியப்பா முகம் சுளித்தார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. உங்கள் சபைக்குப் பேர் தந்த மார்ட்டின் லுத்தரைப் பற்றி நீ விட்டுப்போன புத்தகங்களைப் பின்னேரங்களில் வாசிக்கிறேன். அந்த மனுஷனைப் பற்றி உனக்கே நான் சொல்லவேண்டி வந்துவிட்டது பார்!

துறவியாக இருந்த காலத்தில் வேலை கூடினால், சொல்லாமல் விட்ட ஜெபங்களை லுத்தர் சேர்த்து வைத்துக்கொள்வாராம். பிறகு சனிக்கிழமை அறையைப் பூட்டிக்கொண்டு, சாப்பாடு தண்ணி இல்லாமல் சொல்லித் தீர்ப்பாராம். கடன் அடைக்கிற மாதிரி! நித்திரை கெட்டு, வருத்தமாய்ப் படுத்த பிறகுதான் அந்தப் பழக்கம் போனது. அதே லுத்தர் 1535இல் தன் நாவிதர் பேத்தருக்கு ஜெபிக்கும் விதத்தை எழுதினார். சவரக்கத்தி பிடித்தவன் கதையில் கவனத்தை விட்டால் மூக்கையோ தொண்டையையோ வெட்டிவிடுவான். ஜெபத்திலும் மனம் அங்கேயே இருக்கவேண்டும், நீளம் முக்கியமில்லை என்றார். சாமம் வரை முழங்காலில் நின்று தூங்கி விழுகிறவனுக்கு மனம் எங்கே நிற்கும், தம்பி?

1527இல் மனவேதனையும் நோயும் சேர்ந்து அவரை விழுத்தியபோது, ஊர்ப் போதகர் பூகன்ஹாகனைக் கூப்பிட்டுப் பாவ அறிக்கை செய்தார். அவருக்கே மனம் திறக்க ஒருவர் தேவைப்பட்டார். அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தில் பாவ அறிக்கைக்கு ஒரு முறை இருக்கிறது, நீ பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதுதான். நீ யாரிடம் போகிறாய்? மனைவியிடம் சொன்னால் போதாது, அவள் உன் சுமையில் பாதியை ஏற்கனவே சுமக்கிறாள். வயதான போதகர் ஒருவரைப் பிடி, மாதம் ஒருமுறை போய்க் கதை.

அதே வருடம் லுத்தர் இருந்த விட்டன்பேர்க் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது லுத்தர் ஊரைவிட்டுப் போகவில்லையே என்பாய், தெரியும். ஆனால் போதிய போதகர்கள் இருக்கிற இடத்தில் சிலர் விலகிப் போகலாம் என்றும் அவர்தான் எழுதினார். தரங்கம்பாடிக்கு ஊழியத்துக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1719இல் அங்கேயே இறந்தபோது வயது 36. அதைத் தியாகம் என்று பிரசங்கத்தில் சொல்லுகிறீர்கள். உன் வயதை நினைத்துக்கொண்டு கேட்கிற எனக்கு வேறு விதமாய்க் கேட்கிறது.

சரி, இனிச் செய்யவேண்டியது. இந்தக் கிழமையே பிரஷரும் இரத்தமும் சோதிக்கவேண்டும். திங்கட்கிழமை உனக்கு ஓய்வு. செத்தவீடு தவிர வேறெதற்கும் போகாதே. ஒடியல்மாவும் பனங்கட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கூழுக்கு மீன் அங்கே கிடைத்தால் போடு. சபைக் கமிட்டியிடம் லீவு கேட்கும்போது "குடும்பக் காரணம்" என்று மழுப்பாமல், களைத்துப்போனேன் என்றே எழுது. பிறகு இருவரும் பஸ் ஏறி வாருங்கள்.

அன்புடன்,
அம்மா