முதலில் ஒரு குழி தோண்டு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தடியில் புல் மூன்று தடவை பட்டுப்போனதற்கு உன் கைராசியைக் குறை சொல்லாதே. நாலு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் புல் தழைப்பது கஷ்டம். செயற்கைப் புல் போடலாம். ஆனால் "மண்ணை நிரவி, மணல் கொட்டி, ஒரே நாளில் விரித்துவிடுகிறோம்" என்றவரை வேண்டாமென்று சொல்லிவிடு. உன் கொல்லையில் இருப்பது களிமண், அதற்கு மேல் நிழல். களிமண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. நிழல் அதைக் காய விடாது. இனி நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டையும் சமாளிக்கத்தான்.

முதலில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் ஒரு குழி தோண்டு. தண்ணீர் நிரப்பி முழுக்க வற்ற விடு. அந்த முதல் தண்ணீர் காய்ந்த வெடிப்புகளுக்குள் ஓடிவிடும், அதை நம்பக் கூடாது. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்துக்கொள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் வடிகால் பைப் இல்லாமல் வேலையைத் தொடங்காதே.

மண் எடுக்கும் ஆழம் 12 செ.மீ. மழை பெய்த மறுநாள் தோண்டாதே. ஈரக் களிமண்ணை மிதித்தால் பானை வனையும் பதத்துக்கு இறுகி, கொஞ்சநஞ்சம் இறங்குகிற தண்ணீரும் நின்றுபோகும். வாட்டம், அதாவது சரிவு, மீட்டருக்கு ஒன்றரை செ.மீ., வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும். வீட்டிலிருந்து பின்சுவர் வரை 6 மீட்டர் என்றாயே, அப்படியானால் மொத்தம் 9 செ.மீ. இறக்கம். நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல். இந்த வாட்டம் தோண்டிய களிமண் அடித்தளத்திலேயே இருக்க வேண்டும். அடியை மட்டமாக விட்டு, மேலே ஜல்லியில் மட்டும் வாட்டம் கொடுத்தால் கீழே ஒரு தொட்டி உருவாகிவிடும். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது, புல் விரித்த பிறகு கண்ணுக்கும் தெரியாது.

தாழ்ந்த ஓரத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, 100 மி.மீ. துளையிட்ட பைப்பைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். சுற்றிலும் தூள் இல்லாத 20 மி.மீ. ஜல்லி, அதைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் துணி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி அது. மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டம் போதும். பைப்பின் மறுமுனை எங்கே போய் விடுகிறது என்று தோண்டும் முன்பே முடிவு செய். பக்கத்து வீட்டுச் சுவரடியில் விட்டால் தண்ணீரோடு சண்டையும் சேரும்.

களிமண் மேல் முழுவதும் அதே துணி, நெய்யாத ரகம், இணைப்பில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்றாக. இது இல்லாவிட்டால் களி மெல்ல மேலேறி ஜல்லியின் இடுக்குகளை அடைத்துவிடும். களை வராது என்று யாராவது பாலிதீன் தாள் போடச் சொன்னால் கேட்காதே.

ஜல்லி உடைத்த, முனை உள்ள கல்லாக இருக்கட்டும். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. 20 மி.மீ.க்கு உட்பட்ட கலவை. தூள் அதிகமானால் சிமென்ட் தரைபோல் இறுகிவிடும். உன் 30 சதுர மீட்டருக்கு 10 செ.மீ. கனம் என்றால் 3 கன மீட்டர். தட்டினால் அமுங்குமாதலால் மூன்றே முக்கால் சொல்லிவை. ஐந்தைந்து செ.மீ.யாக இரண்டு அடுக்கு, லேசாகத் தண்ணீர் தெளித்து பிளேட் காம்பாக்டரால், அதாவது தட்டி இறுக்கும் இயந்திரத்தால், இறுக்க வேண்டும். குதிகாலை ஊன்றினால் தடம் விழக் கூடாது. அதன் மேல் 2 செ.மீ. பொடி ஜல்லி, 2 மீட்டர் சட்டம் வைத்து இழுத்து நிரவினால் போதும்.

மரத்தின் கிளை விரிப்புக்குக் கீழே அந்த இயந்திரம் போகவே கூடாது. மண் இறுகினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அங்கே கையால், திம்மிசுக் கட்டையால் மட்டும். கட்டைவிரலைவிடத் தடித்த வேரை வெட்டாதே. அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது புல் இல்லாமல் விட்டு மரப்பட்டைத் துண்டு பரப்பு. மரம் பருக்கும், இடம் வேண்டாமா? வேர் வெளியே தெரிகிற இடத்தில் புல்லை அதற்கு முன்பே முடித்துவிடு என்பது என் அபிப்பிராயம்.

45 மி.மீ. உயர இழையுள்ள புல்லின் அழகில் மயங்காதே. நிழலுக்கு 25, 30 மி.மீ. நல்லது, சீக்கிரம் காயும், சருகு கூட்ட எளிது. சுருள் 4 மீட்டர், 2 மீட்டர் அகலங்களில் வரும். உன் 5 மீட்டர் அகலத்துக்கு இரண்டிலும் ஒவ்வொன்று, நீளம் 6.3 மீட்டர். ஒரு மீட்டர் அகலம் வெட்டிய மிச்சமாக வீணாகும், வேறு வழியில்லை. இரண்டின் இழையும் ஒரே பக்கம், வீட்டை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் இரண்டு நிறம்போல் தெரியும். நிழலில் சுருக்கம் மெதுவாகத்தான் நீங்கும், ஓர் இரவு விரித்து வைத்த பிறகு வெட்டலாம்.

இணைப்புதான் கைத்திறன். ஓரத்தில் இரண்டு மூன்று தையல் வரிசையைப் பின்பக்கமிருந்து வெட்டி எடுக்க வேண்டும். இரு விளிம்புக்கும் இடையே விடும் இடைவெளி, தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள அளவுதான் இருக்கலாம். கூடினால் வகிடு எடுத்த தலைபோலக் கோடு தெரியும், நெருக்கினால் முகடு எழும்பும். அடியில் 30 செ.மீ. அகல டேப், பாலியூரித்தேன் பசை. டேப்பும் புல்லின் அடிப்பக்கமும் உலர்ந்திருக்க வேண்டும். விளிம்புகளை ஜிப் போடுவதுபோல ஒரு முனையிலிருந்து இறக்கி, இழை பசையில் மாட்டாமல் விலக்கிக்கொண்டே போகச் சொல். மேலே மணல் மூட்டை வைத்து ஒரு நாள் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்.

ஓரங்களில் 15 செ.மீ.க்கு ஒரு துத்தநாகம் பூசிய நீள ஆணி. பைப் மேலும் வேர் மேலும் அடிக்காதே. பிறகு உலர்ந்த சிலிக்கா மணல், சதுர மீட்டருக்கு 6 கிலோ, ஆக 180 கிலோ. மூன்று தடவையாகத் தூவி, இழையின் சாய்வுக்கு எதிராகப் பிரஷ் போடு.

சருகை வாரம் ஒருமுறை கூட்டு. மக்கினால் அதுவே மண்ணாகி மேலேயே விதை முளைக்கும், கீழே போட்ட எந்தத் துணியும் அதைத் தடுக்காது. பாசி பிடித்தால் காயவிட்டு நைலான் பிரஷால் தேய். இரும்பு சல்பேட் கலந்த பாசி மருந்து பக்கத்துத் தளக்கல்லில் துருக்கறை ஏற்றிவிடும், வாங்காதே. தாழ்ந்த கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் காற்று வரும்.

ஜல்லி இறுக்கி முடிந்ததும், புல் விரிக்கும் முன், ஹோஸ் பைப்பால் மேல் ஓரத்திலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் விடு. எங்காவது தேங்கினால் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் வட்டமிட்டு எனக்குப் படம் அனுப்பு. அதைப் பார்க்காமல் பசை டப்பாவைத் திறக்க விடாதே என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அம்மா